அன்னத்தின் கழுத்து ஏன் ஒடிந்தது?

பொருட்காட்சிகளில் எரிவாயுச் சுடரின் முன் அமர்ந்து, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக் கம்பியை அன்னமாகவும் மயிலாகவும் மாற்றித் தருபவர்களைப் பலரும் பார்த்திருப்போம். அப்படி ஒருவரிடம் வாங்கிய விரல் நீள அன்னம் ஒன்று எங்கள் வீட்டு ஷோகேஸில் மூன்று மாதம் நின்றது. ஒருநாள் காலையில் பார்த்தால், தலையும் கழுத்தும் தனியே, உடல் தனியே கிடந்தன. கண்ணாடிக் கதவு மூடியபடியே இருந்ததால் பல்லியைத் தவிர வேறு யார்மீதும் பழி போட முடியவில்லை. பல்லியும் நிரபராதி என்பது, கண்ணாடியைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. அந்தக் கழுத்தில் முறிவுக்கான விதை, அன்னம் செய்யப்பட்ட அதே நிமிடத்தில் விழுந்துவிட்டது.

பனிக்கட்டியைப் போலக் குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் சட்டென உருகும் பொருளல்ல கண்ணாடி. சூடேற ஏற அது மெல்ல மெல்ல இளகும். வெல்லப்பாகு கம்பிப்பதம், உருட்டுப்பதம் என்று படிப்படியாகப் பதம் மாறுவதைப் போலக் கண்ணாடியும் பதம் மாறுகிறது. பாகில் நீர் வற்றுவதால் பதம் மாறுகிறது, கண்ணாடியிலோ வெப்பநிலை மட்டுமே அதைச் செய்கிறது என்பதுதான் வேறுபாடு. சுடர்முன் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும், போரான் கலந்த போரோசிலிகேட் கண்ணாடி, ஏறக்குறைய 820 டிகிரி செல்சியஸில் தன் எடையாலேயே தொய்யத் தொடங்கும். 1,250 டிகிரியை நெருங்கும்போது தேனைவிடச் சுமார் நூறு மடங்கு கெட்டியான பாகாக இருக்கும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட சில நொடிகளில்தான் கலைஞரின் கை விளையாடுகிறது. ஜவ்வுமிட்டாய்க்காரர் குச்சியில் சுற்றிய மிட்டாயை இழுத்துக் கைக்கடிகாரம் செய்வதற்கும் இதற்கும் கையசைவில் பெரிய வேறுபாடு இல்லை, விரல் வெந்துபோகும் என்பதைத் தவிர.

சுடரில் காட்டிய கம்பியின் நுனி தானாகவே உருண்டையாகிவிடும். மேற்பரப்பைச் சுருக்கப் பார்க்கும் பரப்பு இழுவிசை அந்த வேலையைச் செய்கிறது. அன்னத்தின் தலை உருண்டு பளபளப்பாக அமைவதற்கு யாரும் அதைத் தேய்த்து மெருகேற்ற வேண்டியதில்லை. கழுத்தை இழுக்கும்போது மெலிந்த பகுதி முதலில் குளிர்ந்து இறுகுவதால் அங்கே இழுபடுவது தானாக நின்றுவிடுகிறது. சூடாக இருக்கும் அடிப்பகுதி மட்டும் தொடர்ந்து நீள்கிறது. வளைவு சீராக வருவதற்குக் கலைஞரின் கைத்திறனோடு இந்த இயற்பியலும் கூட்டுச் சேர்கிறது. சூடான கண்ணாடியிலிருந்து எழும் சோடியத்தின் மஞ்சள் ஒளி கண்ணைக் கூசச் செய்து வேலையை மறைக்கும் என்பதால், அந்த 589 நானோமீட்டர் ஒளியை விழுங்கும் டிடிமியம் கண்ணாடி மூக்குக்கண்ணாடியை அணிந்துகொள்கிறார்கள்.

சிக்கல் ஆறும்போதுதான் தொடங்குகிறது. சூடான கண்ணாடியின் வெளிப்பரப்பு முதலில் குளிர்ந்து கல்லாகிறது. உட்பகுதி அதன் பிறகும் சுருங்க முயலும். ஆனால் இறுகிப்போன வெளிப்பரப்பு அதற்கு வழிவிடாது. இதனால் வெளியே அமுக்கமும் உள்ளே இழுப்புமாக ஒரு நிரந்தர இழுபறி உறைந்துவிடுகிறது. கண்ணாடி அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. பருத்த உடலும் மெல்லிய கழுத்தும் சேரும் இடத்தில் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் குளிர்வதால் இந்த இழுபறி, அதாவது தகைவு, ஒழுங்கின்றிக் குவிகிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தால், காற்றிலுள்ள ஈரம் அதன் முனையில் புகுந்து சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. கீறல் வாரக்கணக்கில் ஊர்ந்து, ஒரு கட்டத்தில் பாய்ந்துவிடும். எங்கள் அன்னத்துக்கு நேர்ந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கு மருந்து, ஆறவைத்தல். செய்து முடித்த பொம்மையை உடனே மின்னுலையில் வைத்து, போரோசிலிகேட் என்றால் ஏறக்குறைய 560 டிகிரியில் சிறிது நேரம் நிறுத்துகிறார்கள். அந்த வெப்பத்தில் பொம்மை உருவம் குலையாது. ஆனால் உள்ளிருக்கும் அணுக்கள் இடம் மாறித் தகைவைத் தளர்த்திக்கொள்ளும் அளவுக்கு இளக்கம் இருக்கும். பிறகு உலையின் சூட்டை மெதுவாகக் குறைக்கிறார்கள். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. பொருட்காட்சிக் கடையில் கையோடு வாங்கிச் செல்லக் காத்திருக்கும் வாடிக்கையாளர் இருக்கும்போது மின்னுலைக்கு நேரமேது? போரோசிலிகேட் சாதாரண சோடா–சுண்ணாம்புக் கண்ணாடியைப் போல மூன்றில் ஒரு பங்கு அளவே வெப்பத்தால் விரிவதால்தான், திறந்த வெளியில் ஆறியும் பல பொம்மைகள் பிழைத்துக்கொள்கின்றன.

தகைவை வீட்டிலேயே பார்க்கலாம். மடிக்கணினியின் எல்.சி.டி. திரையை வெள்ளையாக ஒளிரவிட்டு, போலராய்டு வகைக் குளிர்கண்ணாடியை அதன் முன் பிடித்து, திரை கறுக்கும்வரை சுழற்றுங்கள். இப்போது இரண்டுக்கும் நடுவே பொம்மையைப் பிடித்தால், தகைவு இல்லாத கண்ணாடி பெரும்பாலும் இருளிலேயே இருக்கும். தகைவு உறைந்த இடங்கள் வெள்ளை வரிகளாகவும், மிகுந்தால் வண்ணப் பட்டைகளாகவும் ஒளிரும். பழைய பொம்மைகளை வாங்குபவர் கையில் இருக்கவேண்டிய மலிவான கருவி இதுவே என்பது என் கருத்து.

சுடர்வேலையின் உச்சத்தைப் பார்க்க விரும்புபவர்கள் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டனில் வாழ்ந்த லியோபோல்டு பிளாஷ்காவும் அவர் மகன் ருடால்பும் 1887 முதல் 1936 வரை அங்கே அனுப்பிய கண்ணாடித் தாவரங்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை. ஏறக்குறைய 780 இனங்கள். முதலில் அனுப்பிய மாதிரிகள் நியூயார்க் சுங்கச் சோதனையில் நொறுங்கின. அந்தத் துண்டுகளைப் பார்த்தே பணம் கொடுக்க முன்வந்தார்கள் என்றால் வேலைப்பாட்டின் நேர்த்தியை ஊகிக்கலாம். ஆனால் அவை முழுக்கக் கண்ணாடியல்ல. தண்டுக்குள் கம்பியும், இணைப்புகளில் பசையும், மேற்பரப்பில் வண்ணமும் உண்டு. ஆகவே ஈரமும் அதிர்வும் ஒவ்வொன்றையும் வெவ்வேறு விதமாகத் தாக்குகின்றன.

தகைவைக் காட்டிலும் மெதுவான இன்னொரு நோயும் உண்டு. அதன் காரணம் கலவையில் இருக்கிறது. சிலிக்காவை எளிதில் உருக்குவதற்குச் சோடாவை, அதாவது சோடியம் கார்பனேட்டைச் சேர்க்கிறார்கள். அந்தச் சோடா நீரில் கரைந்துபோகாமல் கட்டிவைப்பது சுண்ணாம்பு. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் வெனிஸுக்கு அருகிலுள்ள முரானோ தீவில் ஆஞ்செலோ பரோவியரின் பெயரோடு இணைந்து புகழ்பெற்ற ‘கிரிஸ்டல்லோ’ கண்ணாடி பளிங்குபோலத் தெளிவாக இருந்ததற்குக் காரணம், சோடாவுக்காகச் சேர்க்கும் தாவரச் சாம்பலைக் கரைத்து வடிகட்டித் தூய்மையாக்கியதுதான். அழுக்கோடு சுண்ணாம்பும் வடிகட்டியில் தங்கிவிட்டது! தெளிவு கூடியது, உறுதி குறைந்தது. இத்தகைய கண்ணாடியிலிருந்து காற்றின் ஈரம் சோடியத்தை வெளியே இழுக்கும். பரப்பில் வழுவழுப்பான வியர்வை அரும்பும். பிறகு நுண்ணிய வலைபோன்ற வெடிப்புகள் படரும். ஹார்வர்டின் மாதிரிகள் சிலவற்றிலும் கண்ணாடி சிதைவுற்றிருக்கிறது. இதைக் குணப்படுத்த முடியாது, தாமதப்படுத்தலாம்.

அதனால் பராமரிப்பு என்பது பெரும்பாலும் சும்மா இருப்பதுதான். வியர்வை அரும்பிய பழம்பொருளுக்கு ஈரப்பதம் 40 முதல் 45 விழுக்காட்டுக்குள் ஏற்றத்தாழ்வின்றி இருப்பது நல்லது. கடலோர ஊர்களில் அது எளிதல்ல. ஆனால் மிகவும் உலர்த்தினாலும் ஈரமேறிய மேற்பரப்பு சுருங்கி வெடிக்கும் என்பதால், சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கணக்கின்றிக் குவிக்கக் கூடாது. இக்காலப் போரோசிலிகேட் பொம்மைகளுக்கு இந்தக் கவலையே வேண்டாம். தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும். வண்ணம் பூசியதையும் ஒட்டுப்போட்டதையும் தண்ணீரில் முக்கக் கூடாது. தூக்கும்போது கழுத்தைப் பிடிக்காமல் உடலைப் பிடிக்க வேண்டும். ஷோகேஸுக்குள் சூடாகும் மின்விளக்கு, சாதாரணக் கண்ணாடிக்குப் பகை.

அன்னத்தோடு அதே நாளில் வாங்கிய மயிலை மடிக்கணினியின் முன் பிடித்துப் பார்த்தேன். தோகை உடலோடு சேரும் இடத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளை வரி. மயில் இன்றுவரை முழுதாகத்தான் நிற்கிறது. வீட்டுக்கு வருபவர்கள் கையில் எடுத்துப் பார்க்கக் கேட்டால் மட்டும், ஏதாவது சாக்குச் சொல்லிவிடுகிறேன்.