மூட்டையத் தூக்கிவிட்டா ஆச்சி சிரிப்பா, அண்ணாச்சி மொறைப்பாரு

போன மழைக்காலத்துல சாயங்காலமெல்லாம் வேற வேல இல்லாம உக்காந்து ஒரு கதை விளையாட்டு எழுதுனேன். இன்டராக்டிவ் ஃபிக்ஷன்னு சொல்லுதாவல்லா, படிக்கிறவனே நடுவுல புகுந்து 'கதவத் தொற', 'ஆச்சிட்ட பேசு'ன்னு டைப் அடிச்சோ, இல்ல கீழ வர்ற நாலு சாய்ஸ்ல ஒண்ண அமுக்கியோ கதைய இழுத்துட்டுப் போறது, அதான். களம் நம்ம ஊர்ப்பக்கம். 2023 டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கெளம்புன வண்டி வெள்ளத்துல மாட்டி ஸ்ரீவைகுண்டத்துல நின்னுபோச்சே, உள்ள சுமார் 800 பேரு, ஞாபகம் இருக்கும். அன்னைக்கு காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. நான் அந்த நெசச் சம்பவத்த எழுதல, அத எழுத எனக்கு தைரியம் இல்ல. ஆனா அது மாதிரி ஒரு ராத்திரி வண்டி, ஒரு சின்ன ஸ்டேஷன், சுத்தியும் தண்ணி, ஒரு பெட்டிக்குள்ள ஆறு பேருன்னு வச்சுக்கிட்டேன்.

எழுதி முடிச்சு அக்கா மவன்ட்ட விளையாடக் குடுத்தேன். அரைமணி நேரம் ஃபோன நோண்டிட்டு வந்து சொல்லுதான், "மாமா, கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த ஆறு பேரும் நீங்கதான?"

சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா நான் சும்மா எழுதல, ஒவ்வொருத்தருக்கும் நோட்டுல தனிப்பக்கம் போட்டிருந்தேன். பனங்கிழங்கு விக்கிற ஆச்சி, 68 வயசு, பாசக்காரி, பிடிவாதம் உண்டு. உடன்குடி கருப்பட்டி யாவாரி அண்ணாச்சி, சந்தேகப் பேர்வழி. பாளையங்கோட்டை ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், கண்டிப்பானவரு. இப்பிடியே ஆறு பக்கம். அத இப்ப எடுத்துப் படிச்சா கல்யாண பயோடேட்டா மாதிரி இருக்கு. பயோடேட்டாவுல எல்லாப் பொண்ணும் அடக்கமான பொண்ணு, எல்லா மாப்பிள்ளையும் நல்ல குணம். அத வச்சி ஆள அடையாளம் கண்டுபிடிக்க முடியுமா?

இந்த வார்த்தைய வச்சி குணத்த அளக்குற வேல பழசுதான். 1936ல ஆல்போர்ட், ஆட்பர்ட்னு ரெண்டு பேரு இங்கிலீஷ் டிக்ஷனரிய மொத்தமாத் தொளாவி மனுசன விவரிக்கிற சொல்லு மட்டும் சுமார் 18,000 எடுத்தாவ. அதையெல்லாம் பிறகு வந்தவங்க கணக்குப் போட்டு கொறச்சு கொறச்சு கடைசியில அஞ்சு அளவுல கொண்டுவந்து நிறுத்துனாங்க, புதுசு மேல ஆசை, ஒழுங்கு, கலகலப்பு, அனுசரணை, பதட்டம்னு ஒரு கணக்கு. ஆயிரம் பேர சேத்து ஆராய்ச்சி பண்ண அது நல்ல கருவி. ஆனா ஆச்சிக்கு 'அனுசரணை பத்துக்கு ஏழு'ன்னு போட்டுட்டா, வண்டி நின்ன உடனே அவ வாயில என்ன வரும்? அந்த ஏழு வாயத் தொறக்காதுல்லா.

எனக்கு வழி காட்டுனது வேற ஒரு ஆராய்ச்சி. வால்டர் மிஷல்னு ஒரு உளவியல்காரர், குணம்ங்கிறது எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி வெளிய வராதுன்னு 1968லயே சண்டைக்கு நின்னவரு. அவரும் ஷோடா, ரைட்ங்கிற ரெண்டு பேரும் ஒரு கோடை கேம்ப்ல பிள்ளைகள நாள்கணக்கா கவனிச்சு எழுதி 1994ல வெளியிட்டாங்க. இன்னொரு பிள்ளை கேலி பண்ணும்போது என்ன செய்யுது, பெரியவங்க கண்டிக்கும்போது என்ன செய்யுது, பாராட்டும்போது என்ன செய்யுதுன்னு தனித்தனியா. சராசரி எடுத்தா ரெண்டு பையங்க ஒரே அளவு முரடனா தெரியலாம், ஆனா ஒருத்தன் கூட்டாளி சீண்டுனாதான் பாய்வான், பெரியவங்க சத்தம் போட்டா கம்முனு இருப்பான், இன்னொருத்தன் அப்பிடியே தலைகீழு. முக்கியமான விசயம், இந்த டிசைன் அடுத்தடுத்த தடவையும் அப்பிடியே திரும்ப வந்துச்சு. 'இப்பிடி நடந்தா இவன் அப்பிடி'ங்கிறதுதான் ஒருத்தனோட கையெழுத்துன்னு சொன்னாங்க. இதப் படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துட்டு, ஏன்னா கதை விளையாட்டு எழுதுறவன் ராத்திரி பகலா தட்டுறது இந்த 'நடந்தா' வரியத்தான, கம்ப்யூட்டர்ல அதுக்குப் பேரே இஃப். குணத்த எங்க வைக்கணும்னு தெரியாம நோட்டுல வச்சிருந்தேன், அது இருக்க வேண்டிய எடம் புரோகிராம் கோடுக்குள்ள.

சரி, இத எப்பிடி ஓட்டுறது? பழைய உதாரணம் ஒண்ணு இருக்கு. 1966ல அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில வைசன்பாம்னு ஒருத்தர் பண்ணுன எலிசாங்கிற பேச்சு புரோகிராம், நாம சொன்ன வார்த்தையவே பிடிச்சு திருப்பிக் கேள்வியா விடும். அதுக்கு உள்ள ஒண்ணும் கெடையாது, கண்ணாடி மாதிரி. 1972ல ஸ்டான்ஃபோர்டுல கென்னத் கோல்பி பாரின்னு ஒண்ணு பண்ணாரு, அதான் எனக்குப் பிடிச்ச ஆளு. எல்லாத்தையும் சந்தேகப்படுற ஒரு நோயாளி, வயசு 28, குதிரப் பந்தயம், பந்தயப் பணம் வாங்குற ஆளுங்க, மாஃபியா, இதுலதான் அவன் மனசு சுத்திக்கிட்டே இருக்கும். உள்ள மூணே மூணு நம்பர், பயம், கோவம், அவநம்பிக்கை. மாஃபியாவ இழுத்தா பயம் ஏறும், மட்டம் தட்டிப் பேசுனா கோவம் ஏறும். கொஞ்ச நேரம் நல்லாப் பேசுனா பயமும் கோவமும் எறங்கிரும், அவநம்பிக்கை மட்டும் லேசுல எறங்காது. மனநல டாக்டர்கள்ட்ட டைப் அடிச்ச பேச்ச குடுத்து இதுல எது மனுசன், எது புரோகிராம்னு கேட்டதுக்கு பதிலு காச சுண்டிப் பாத்த மாதிரிதான் வந்துச்சாம். மூணு நம்பர்ல!

நான் அத அப்பிடியே எடுத்துக்கிட்டேன். என் ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும் 'நம்பிக்கை'ன்னு ஒரு நம்பர், ஆரம்பத்துல மூணு. இப்ப விளையாடுறவன் செய்யுற ஒரே காரியம், பக்கத்துல இருக்க ஆளோட சுமைய தூக்கி மேல வைக்கான். ஆச்சிக்கு அது பிளஸ் ரெண்டு. அஞ்சத் தொட்டா பனங்கிழங்கு ஒண்ண உரிச்சு கையில திணிச்சிருவா, பிறகு எந்த ஊரு யாரு மவன்னு விசாரணை. அதே காரியம் அண்ணாச்சிக்கு மைனஸ் மூணு. கேக்காம கருப்பட்டி மூட்டையில கை வச்சா அவரு நம்பிக்கை நேரா பூஜ்யம், "மூட்டைய விடும் வே, யாரு உம்மத் தூக்கச் சொன்னா?" அவர்ட்ட நம்பிக்கை ஏத்த வேற வழி, மழை ஒழுகுது மூட்டை நனையுதுன்னு தள்ளி நின்னு வாயால சொல்லணும், தொடக்கூடாது. ஹெட்மாஸ்டருக்கு சுமையத் தூக்குனா பிளஸ்ஸும் இல்ல மைனஸும் இல்ல, ஆனா 'சார்'னு கூப்பிடாம பேசுனா ஒண்ணு கொறையும். பாருங்க, 'பாசக்காரி', 'சந்தேகப் பேர்வழி'ங்கிற சொல்லு எங்கயும் வரல. ஒரே செயலு, ஒருத்தருக்கு கூட்டல், ஒருத்தருக்கு கழித்தல், ஒருத்தருக்கு கணக்குலயே இல்ல. வெளயாடுறவன் ரெண்டாம் தடவ மூட்டையத் தொடுறதுக்கு முன்னாடி யோசிப்பாம்லா, அந்த யோசனையிலதான் அண்ணாச்சி ஒரு ஆளா எழும்பி நிக்காரு.

2000ல வந்த சிம்ஸ்ங்கிற கம்ப்யூட்டர் விளையாட்டும் இந்த வழிதான், ஒரு வீட்டுல ஆளுகள குடிவச்சு ஓட்டுறது, ஒவ்வொரு ஆளுக்கும் சுத்தம், கலகலப்பு, சுறுசுறுப்பு, விளையாட்டுத்தனம், நல்ல மனசுன்னு அஞ்சு குணத்துக்கு நாம 25 புள்ளிய பங்கு போட்டுக் குடுக்கணும். வீட்டுல இருக்க சாமானுதான் 'என்ட்ட வா, பசி தீரும்'னு கூவும், ஆளு தன் தேவையையும் குணத்தையும் வச்சி எந்தக் கூவலுக்குப் போவலாம்னு முடிவு பண்ணுவாரு. சந்தக்கடை மாதிரி.

இதுல ஒரு தொல்லை உண்டு. ஆறு பேரு, பத்து சம்பவம், மனசு நல்லாருக்கு, சுமார், கெட்டுருக்குன்னு மூணு நெல, பெருக்குனா 180 பதிலு. எழுதி மாளாது. நான் மொதல்ல 180ம் எழுத உக்காந்து நாப்பதுலயே கோட்டி பிடிச்சுரும்னு தெரிஞ்சுபோச்சு. அதனால ஒரு சம்பவத்துக்கு யாரு ரெண்டு பேரு ரொம்ப வித்தியாசமா நடப்பாவளோ அவங்களுக்கு மட்டும் எழுதுனேன், மத்தவங்க சும்மா இருக்கட்டும், நெச வண்டியிலயும் எல்லாருமா எல்லாத்துக்கும் பேசுதாவ?

அடுத்தது பேச்சு. சின்ன வயசுல தோல்பாவைக்கூத்து பாத்தவங்களுக்கு சொல்ல வேண்டாம், திரைக்குப் பின்னால ஒரே ஒரு ஆளு, ராமனும் அவருதான், ராவணனும் அவருதான், உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடிச்சுக்கிடுறதும் அவரு வாயிலதான். யாரு பேசுதான்னு நமக்கு ஒரு தடவ கூட சந்தேகம் வராது. எழுத்துல தொண்டைய மாத்த முடியாதே, அப்ப என்ன பண்ண? பெரிய பெரிய சொல்லா போட்டா வித்தியாசம் வரும்னுதான் நெனச்சேன். உண்மை நேர் எதிர். அமெரிக்காவுல 1787-88ல ஹாமில்டன், மேடிசன், ஜேன்னு மூணு பேரு ஒரே புனைபேருல 85 கட்டுரை எழுதுனாங்க, அதுல 12 கட்டுரை யாரு எழுதுனதுன்னு ஹாமில்டன் பக்கமும் மேடிசன் பக்கமும் நெடுநாள் வழக்கு. மாஸ்டெல்லர், வாலஸ்னு ரெண்டு புள்ளியியல்காரங்க 1964ல முடிச்சு வச்சாங்க. எப்பிடி? கருத்த பாக்கல, அரசியல பாக்கல, இங்கிலீஷ்ல 'மேல'ங்கிறதுக்கு வர்ற 'அப்பான்' (upon) மாதிரி சில்லற சொல்ல எண்ணுனாங்க. ஹாமில்டன் ஆயிரம் சொல்லுக்கு மூணு தடவ கிட்ட 'அப்பான்' போடுவாரு, மேடிசன் கிட்டத்தட்ட போடவே மாட்டாரு. 12ம் மேடிசன் பக்கம் சாஞ்சுது. எழுதுறவனுக்கே தெரியாம விழுற சொல்லுதான் ஆளக் காட்டிக் குடுக்கு.

நம்ம ஊர்ப்பேச்சுல இதுக்குப் பஞ்சமா? லே, வே, லா, ட்டி, எல்லாம் சில்லறதான். கார்டு வந்து "வண்டி இனிமே போவாது"ன்னு சொல்லுதாருன்னு வைங்க, இப்ப நான் எழுதி வச்சிருக்கது இது.

ஆச்சி: "போவாட்டி கெடக்கு. ஏட்டி, பிள்ளைக்கு என்னமும் குடுத்தியா?"

அண்ணாச்சி: "யாரு வே சொன்னா? நீரு காதால கேட்டீரா? இல்ல எவனும் சொன்னானா?"

ஹெட்மாஸ்டர்: "தண்டவாளத்துக்கு அடியில மண் அரித்திருக்கும். வண்டிய எடுக்கக் கூடாது. எடுத்தா தப்பு. புரியுதா தம்பி?"

காலேஜ் பையன்: "சூப்பர். சார்ஜ் பன்னெண்டு பர்சென்ட்."

பேர மறைச்சுட்டுப் படிச்சாலும் தெரியும். ஆச்சி எந்தச் சேதியக் கேட்டாலும் ரெண்டாவது வரியில அடுத்தவங்க கிட்ட தாவிருவா. அண்ணாச்சிக்கு ஒரு வரி கூட கேள்விக்குறி இல்லாம முடியாது. ஹெட்மாஸ்டருக்கு எல்லாம் குட்டி குட்டி முழு வாக்கியம், லா வே ஒண்ணும் ஒட்டாது, பாதி எழுத்துத்தமிழு. பையன் வாயில வினைச்சொல்லே வராது. இந்த விதிய ஒருவாட்டி போட்டுக்கிட்டா அடுத்த இருபது வரியும் தன்னால வருது, சத்தியமா.

இனி ஏ.ஐ. சமாச்சாரம். டைப் அடிக்கிற கேள்விக்கெல்லாம் நானே பதில் எழுத முடியாதுன்னு ஒரு ஏ.ஐ. மாடல இணைச்சுப் பாத்தேன். 'நீ பாசமும் பிடிவாதமும் உள்ள நெல்லை ஆச்சி'ன்னு சொல்லிட்டு, "பயமா இருக்கு ஆச்சி"ன்னு அடிச்சேன். "உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, கவலைப்பட வேண்டாம்"னு வந்துச்சு. எங்க ஆச்சி கஸ்டமர் கேர்ல வேலைக்குச் சேந்துட்டா போல. காரணம் அது ஓடுற விதத்துலயே இருக்கு. அடுத்து எந்தச் சொல்லு வர வாய்ப்பு அதிகம்னு கணக்குப் போட்டுத்தான் அது எழுதுது, அப்ப நடுவாந்தரமான பேச்சுப்பக்கம்தான் சாயும், அதுக்கு மேல மரியாதையா உதவியா பேசுன்னு தனியா பழக்கி வேற வச்சிருக்காவ. 2023ல ஸ்டான்ஃபோர்டுக்காரங்க 25 ஏ.ஐ. ஆளுகள ஒரு சின்ன ஊருல குடிவச்சு பாத்தாங்க, அதுலயும் இதே கத, பொண்டாட்டி புருசன்ட்ட சம்பிரதாயமா வணக்கம் வச்சுத்தான் பேச்ச ஆரம்பிக்கா!

அதே ஆராய்ச்சியில ஒரு நல்ல ஐடியாவும் இருந்துச்சு. ஒவ்வொரு ஆளுக்கும் நடந்ததெல்லாம் ஒரு பட்டியலா சேரும், பேசும்போது அதுல எத நெனப்புக்கு எடுக்கணும்னு மூணு மார்க்கு, எவ்வளவு சமீபம், எவ்வளவு முக்கியம், இப்பப் பேசுற விசயத்துக்கு எவ்வளவு பக்கம். முக்கியம்ங்கிறது ஒண்ணுல இருந்து பத்து, பல்லு வெளக்குனது ஒண்ணு, காதல் முறிஞ்சது பத்துங்கிற மாதிரி. இதுல நான் பண்ணுன சேட்ட, அந்த முக்கியத்த ஆளுக்கு ஆளு நானே மாத்தி வச்சுட்டேன். பிள்ள அழுதது ஆச்சிக்கு ஒம்போது, அண்ணாச்சிக்கு ரெண்டு. பெட்டிக்குள்ள தண்ணி சொட்டுனது அண்ணாச்சிக்கு ஒம்போது, ஆச்சிக்கு மூணு. ஒரு மணி நேரம் கழிச்சு "என்ன நடந்துச்சு?"ன்னு ரெண்டு பேர்ட்டயும் கேட்டா ரெண்டு வேற வேற ராத்திரிய சொல்லுதாவ.

குணச்சொல்ல எடுத்துட்டு ஆச்சி பேசுன வரி பதினஞ்ச மாதிரிக்குக் குடுத்தேன், அவளுக்குத் தெரியாதது என்னன்னும் எழுதுனேன், இல்லன்னா ரயில்வே சிக்னல் பத்தியெல்லாம் பாடம் எடுக்கா. நம்பிக்கை நம்பர ஏ.ஐ. கையில விடாம கோடுலயே வச்சுக்கிட்டேன். இப்ப "பயமா இருக்கு ஆச்சி"ன்னா "பயந்தா தண்ணி வத்திருமாலே? அந்தக் கூடைய இங்கன தள்ளு"ங்கா. போதும்.

மருமவன் திரும்ப விளையாண்டான். மூட்டையத் தொட்டு அண்ணாச்சிட்ட ஏச்சு வாங்கிட்டு, ரெண்டாவது ஆட்டத்துல தள்ளி நின்னு பேசுனான். ஆனா ஹெட்மாஸ்டர மட்டும் "இவரு இன்னும் நீங்கதான் மாமா"ன்னுட்டான். சரிதான், அவருக்கு எது நடந்தா கோவம் வரும்னு எனக்கே பிடிபடல. நேத்து ராத்திரி ஒரு வரி சேத்திருக்கேன், யாரும் அவரு முன்னாடி கிழிச்ச பேப்பர்ல கப்பல் பண்ணி தண்ணியில விட்டா மைனஸ் நாலு. பேப்பர் எதுலருந்து கிழிச்சதுன்னு இன்னும் முடிவு பண்ணல.