வடை ஏன் முதலிலேயே விழுந்துவிட்டது?

"நரி பாடச் சொல்றதுக்கு முன்னாடியே வடை விழுந்துடுச்சு மிஸ்" என்று டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான் ஒன்றாம் வகுப்புப் பையன். பாட்டி வடை சுட்ட கதையை ஸ்கிராட்ச் ஜூனியரில் செய்துகொண்டிருந்தான்; படம் போட்ட கட்டைகளைக் கோத்துப் பாத்திரங்களை அசைய வைக்கும் கோடிங் செயலி அது. காக்கா, நரி, வடை மூன்றுக்கும் பச்சைக் கொடிக் கட்டையையே தொடக்கமாக வைத்திருந்ததால், கொடியைத் தொட்டதும் மூன்றும் ஒன்றாகக் கிளம்பிவிட்டன.

நான் திருத்திக் கொடுக்கவில்லை. வடை எப்போ விழணும்? "காக்கா வாயைத் திறந்ததும்." அது எப்போ திறக்கும்? "நரி பாடச் சொன்னதும்." நரி ஏன் பாடச் சொல்லுது? கொஞ்சம் யோசித்தான். "அதுக்கு வடை வேணும் மிஸ், நேரா கேட்டா காக்கா குடுக்காதுல்ல."

முதல் நாள் வாயால் கதை சொன்னபோது இந்த வரி வரவே இல்லை. காக்கா வந்துச்சு, அப்புறம் நரி வந்துச்சு, அப்புறம் வடை விழுந்துச்சு, அவ்வளவுதான். இந்த வயதில் பல பிள்ளைகளின் கதை 'அப்புறம்', 'அப்புறம்' என்றே ஓடும். 'அதனால' வருவதற்குத்தான் நாள் பிடிக்கும்.

முதலில் காத்திரு கட்டையைப் போட்டுப் பார்த்தான். அதில் 10 என்றால் ஒரு நொடி. 30 போட்டான், நரி அதற்கு மேலும் பேசிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு பாத்திரம் இன்னொன்றுக்குச் சேதி அனுப்பும் கடித உறைக் கட்டையைக் காட்டினேன்: நரி பேசி முடித்து ஒரு உறையை அனுப்பும், அது கிடைத்த பிறகுதான் காக்கா கத்தும், காக்கா அனுப்பும் உறைக்குத்தான் வடை விழும். அவன் கதையில் 'அதனால' வந்தது அந்த உறையில்தான்.

2014-ல் எம்ஐடி மீடியா லேபும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த இலவசச் செயலி இது. கட்டைகளில் எழுத்துக்குப் பதில் படம்தான், அதனால் படிக்கத் தெரியாத பிள்ளையும் செய்யலாம், வசனத்தைத் தன் குரலில் வீட்டுத் தமிழிலேயே பதியலாம். ஆறு வயதில் கோடிங் கற்றால் ஐடி வேலை நிச்சயம் என்று யாராவது கட்டணம் கேட்டால், பர்ஸை உள்ளே வையுங்கள்.

நான் முதல் இரண்டு வகுப்புக்கு டேப்லெட்டை வெளியே எடுப்பதே இல்லை. கதையைச் சொல்ல வைப்பேன், பிறகு ஒரு தாளை நான்காக மடித்து வரைய வைப்பேன், ஏனென்றால் செயலியிலும் ஒரு கதைக்கு நான்கு பக்கம்தான். இந்த வரம்பு முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது; எதை விடுவது என்று பிள்ளைகள் சண்டை போடுவதைப் பார்த்தபின் பிடித்துப்போனது. (வடைக்கு ஓட்டை உண்டா இல்லையா என்று ஒரு பீரியடே போனது, அது வேறு கதை.)

பெற்றோரிடம் ஒரே வேண்டுகோள்: கை வைக்காதீர்கள். ஓர் அப்பா ராத்திரி உட்கார்ந்து காக்காவை அத்தனை அழகாகப் பறக்கவிட்டிருந்தார். மறுநாள் மகளால் அந்தக் கதையைச் சொல்லவே முடியவில்லை.

நம் பையன் முடித்துக் காட்டியபோது மூன்று பக்கம் ஓடியும் பாட்டியைக் காணோம். "பாட்டியை விட்டுட்டியேடா?" என்றேன்.

"இருங்க மிஸ், நாலாவது பக்கத்துல வடையை எண்ணிட்டு இருக்கு."