ரீமாஸ்டர்: தமிழில் என்ன சொல்லலாம்?

தி லாஸ்ட் ஆஃப் அஸ் என்ற வீடியோ கேம் 2013இல் பிளேஸ்டேஷன் 3 எந்திரத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே பிளேஸ்டேஷன் 4க்கு ‘ரீமாஸ்டர்ட்’ என்ற ஒட்டுடன் வந்தது. 2022இல் பிளேஸ்டேஷன் 5க்கு ‘பார்ட் 1’ என்ற பெயரில் மறுபடியும் வந்தது, இந்த முறை ரீமேக். ஒன்பது ஆண்டில் ஒரே கேம் மூன்று தடவை. இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் பலர் பின்னால் வந்த இரண்டையும் ‘மறுபதிப்பு’ என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டும் வேறு வேறு வேலை. நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மாஸ்டர் என்பதற்கு வேர் லத்தீன் மொழியின் ‘மாகிஸ்டெர்’. தலைவர், ஆசிரியர் என்று பொருள். அதற்கும் அடியில் ‘மாகிஸ்’, அதாவது ‘அதிகம்’. தமிழுக்கு இந்தச் சொல் ஆசிரியர் என்ற பொருளிலேயே வந்து தங்கிவிட்டது. டான்ஸ் மாஸ்டர், ஸ்டண்ட் மாஸ்டர் என்கிறோம். அதனாலேயே ரீமாஸ்டர் என்று கேட்கும்போது நமக்கு உடனே பொருள் பிடிபடுவதில்லை. இங்கே மாஸ்டர் என்பது ஆள் இல்லை, ஒரு பொருள். பாட்டை ஒலிப்பதிவு செய்து, சத்த அளவுகளைச் சரிக்கட்டி, இதுதான் இறுதி என்று முடிவு செய்து வைக்கும் நாடாவுக்கு மாஸ்டர் என்று பெயர். கடைக்குப் போகும் ஒவ்வொரு தட்டும் அதிலிருந்து எடுத்த படி. தாய் ஒன்று, பிள்ளைகள் ஆயிரம். 1982இல் சி.டி. வந்தபோது, இசைத்தட்டுக்கென்று தயாரித்த மாஸ்டரை அப்படியே சி.டி.க்கு மாற்றினால் நன்றாக இருக்காது என்பதால், மூல ஒலிப்பதிவுக்கே திரும்பிப் போய்ப் புது மாஸ்டர் எடுத்தார்கள். அந்த வேலைதான் ரீமாஸ்டர். பாடகர் மறுபடி பாடவில்லை, வாத்தியம் யாரும் மறுபடி வாசிக்கவில்லை. இருந்ததையே இன்னும் தெளிவாகக் கேட்கவைத்தார்கள், அவ்வளவுதான்.

கேம் உலகத்திலும் மாஸ்டர் உண்டு. எல்லாப் பிழையும் திருத்தி, டிஸ்க் அச்சடிக்க அனுப்பும் இறுதி வடிவத்தைக் ‘கோல்ட் மாஸ்டர்’ என்பார்கள். ஒரு கேம் ‘கோல்ட்’ ஆகிவிட்டது என்ற செய்தி வந்தால் ரசிகர்கள் மகிழ்வது அதனால்தான். ஆனால் பாட்டில் இல்லாத ஒரு சிக்கல் கேமில் இருக்கிறது. இதற்கு இரண்டு மூலம். ஒன்று அந்த இறுதி வடிவம். இன்னொன்று, அதை உருவாக்கிய மூல நிரல், வரைந்த படங்கள், மாதிரி உருவங்கள். இரண்டாவது கையில் இல்லாமல் நல்ல ரீமாஸ்டர் செய்வது பெரும்பாடு. கிங்டம் ஹார்ட்ஸ் முதல் கேமை 2013இல் எச்.டி. (உயர் தெளிவுத்திறன்) தொகுப்புக்காக எடுத்தபோது அதன் மூலத் தரவுகள் தொலைந்துபோயிருந்தன. வெளிவந்த கேமைத் தோண்டி, பலவற்றைத் திரும்ப உருவாக்கித்தான் அந்தத் தொகுப்பை முடித்தார்கள்.

இந்த வேறுபாடுகளையெல்லாம் ஒரே கேமை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஷேடோ ஆஃப் த கொலோசஸ்தான் நல்ல பாடம். 2005இல் பிளேஸ்டேஷன் 2இல் வந்தது. அந்தச் சின்ன எந்திரத்தால் தாங்க முடியாத அளவுக்குப் பெரிய கனவு அது. பெரிய பூதம் எழுந்து நின்றாலே திரை திணறும். 2011இல் புளூபாயிண்ட் நிறுவனம் அதைப் பிளேஸ்டேஷன் 3க்குக் கொண்டுவந்தபோது திணறல் போனது, படம் கூர்மையானது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. இது ரீமாஸ்டர். அதே நிறுவனம் 2018இல் பிளேஸ்டேஷன் 4க்காகப் புல், பாறை, பூதத்தின் மயிர் என்று எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கியது. இது ரீமேக். மூன்றையும் நான் முடித்திருக்கிறேன். 2018ஆம் ஆண்டு வடிவம் கண்ணைப் பறிக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் பழைய வடிவத்தில் வெயில் வெளுத்துப்போன அந்த வெறுமையும், நிறமே இல்லாத அந்த நிலமும் மனசுக்குள் செய்ததைப் புதியதின் அடர்ந்த பசுமை செய்யவில்லை. யாராவது முதல்முறை ஆடப்போகிறேன் என்றால் 2011ஆம் ஆண்டு வடிவத்தைத்தான் கையில் கொடுப்பேன்.

அப்புறம் பனிமூட்டம். இதைச் சொல்லாமல் ரீமாஸ்டர் பற்றிப் பேச முடியாது. 1999இல் வந்த முதல் சைலன்ட் ஹில் என்ற திகில் கேமில் பிளேஸ்டேஷனால் தூரத்துக் காட்சிகளை வரைய முடியவில்லை, அதனால் ஊரையே பனியால் மூடினார்கள். அந்தக் குறையே பயத்துக்கு உயிர் ஆனது. 2001இல் வந்த இரண்டாம் பாகம் இன்னும் வலிமையான எந்திரத்தில் ஓடியபோதும் பனியை வேண்டுமென்றே வைத்துக்கொண்டது. 2012இல் வந்த எச்.டி. தொகுப்பைச் செய்தவர்களுக்குக் கிடைத்ததோ இறுதி நிரல் அல்ல, முடியாத நிலையில் இருந்த ஒன்று. முன்பே திருத்தப்பட்ட பிழைகளை அவர்கள் மறுபடி திருத்த வேண்டியிருந்தது. பனியும் மெலிந்துபோனது. கண்ணுக்குத் தெரியக் கூடாதது தெரிந்த பிறகு பயம் எங்கே நிற்கும்?

2021 நவம்பரில் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ முத்தொகுப்பிலும் இதே கதைதான். சான் ஆன்ட்ரியாஸ் 2004இல் வந்தபோது தூரத்துப் புகைமூட்டம் அந்த உலகத்தை ஒரு மாநிலம் அளவுக்குப் பெரிதாகக் காட்டியது. புது வடிவத்தில் மூட்டத்தை எடுத்துவிட்டார்கள். மலை உச்சியில் நின்றால் நகரங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. அந்தத் தொகுப்புக்கு அடித்தளமாக இருந்தது கைப்பேசிக்காகச் செய்த வடிவம். படங்களைப் பெரிதாக்கும் வேலையில் கணிசமான பகுதியைத் தானியங்கி மென்பொருள் செய்தது. டோநட் கடை ஒன்றின் கூரையில் ஆறு முனை கொண்ட ஒரு பெரிய நட் இருக்கும், போல்ட்டில் மாட்டுகிற நட். ‘டோநட்’டில் உள்ள நட்டை வைத்துச் செய்த வேடிக்கை அது. புது வடிவத்தில் அதன் முனைகளை மழுக்கி வட்டமாக்கிவிட்டார்கள். வேடிக்கை செத்தது. பொருள் தெரியாமல் ஏட்டைப் பார்த்துப் படியெடுப்பவர் செய்யும் பிழை அச்சு அசலாக இதுதான். கேமை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. பழைய ஒளியமைப்பைத் தேர்வு செய்யும் வசதி கணினிக்கும் கன்சோல்களுக்கும் 2024 நவம்பரில்தான் வந்து சேர்ந்தது.

ஏடு என்று சொன்னது சும்மா இல்லை. ரீமாஸ்டருக்கான தமிழ்ச்சொல்லை அங்கேதான் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

புழக்கத்தில் உள்ளவற்றைப் பார்ப்போம். மறுபதிப்பு என்றால் எழுத்து மாறாமல் திரும்ப அச்சிடுவது, அது ரீமாஸ்டர் ஆகாது. மறுசீரமைப்பு என்பது அலுவலகத்தையும் கட்சியையும் மாற்றி அமைக்கும்போது வரும் சொல். மீளுருவாக்கம் என்றால் புதிதாக உருவாக்குவது, அது ரீமேக் பக்கம் போய்விடும். மெருகூட்டல் அழகான சொல்தான், ஆனால் மேற்பூச்சை மட்டும் சொல்கிறது. மூலத்துக்குத் திரும்பிப்போவது அதில் இல்லை.

நான் சொல்வது செம்பதிப்பு. புதுச்சொல் அல்ல, பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்பவர்களிடம் ஏற்கெனவே உள்ளதுதான். செம்மை என்றால் திருத்தம், நேர்த்தி. செம்மொழியிலும் செந்தமிழிலும் உள்ள அதே ‘செம்’. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தபோது பல சுவடிகளை ஒப்பிட்டார், பாடபேதம் பார்த்தார். கவியைத் திருத்தி எழுதவில்லை. காலத்தாலும் கைமாறியதாலும் மேலே படிந்த அழுக்கை எடுப்பது ஒரு வேலை, நூலையே மாற்றுவது இன்னொரு வேலை. ரீமாஸ்டர் செய்பவரிடம் நாம் கேட்பதும் முதல் வேலையைத்தான். இந்தச் சொல்லுக்குள் ஒரு கடமையும் இருக்கிறது: மூலத்தைத் தேடிப் பார்க்காதவர் தன் வேலையைச் செம்பதிப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது. அப்படிப் பார்த்தால் அட்டையில் ரீமாஸ்டர் என்று போட்டு வருவதில் பாதிக்கு மேல் வேறு பெயரில் அழைக்கப்பட வேண்டியவை.

அந்த வேறு பெயர்கள் எளிது. ரீமேக்குக்கு மறுவாக்கம், 1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7க்கும் 2020இல் வந்ததற்கும் உள்ள தூரத்தை இந்தச் சொல் சரியாகத் தாங்கும். ஓர் எந்திரத்துக்கென்று செய்த கேமை இன்னொன்றில் ஓடவைப்பது போர்ட். அதைச் சிலர் துறைமுகம் என்று நினைத்துத் துறை என்கிறார்கள். இது தூக்கிச் செல்லுதல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. மொழிபெயர்ப்பைப் போலத் தளப்பெயர்ப்பு என்றால் நன்றாகவே பொருந்துகிறது. பழையதை, பழைய எந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் ஏற்றி அப்படியே விற்பது மறுவெளியீடு. அதையும் கவனமாகச் செய்ய வேண்டும். 2018இல் பழைய கேம்களோடு வந்த சிறு எந்திரமான பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் இருந்த 20 கேம்களில் 9, திரையை நொடிக்கு 50 முறை புதுப்பிக்கும் ஐரோப்பிய வடிவங்கள். 60இல் ஓடும் அமெரிக்க வடிவத்தில் வளர்ந்தவர்களுக்கு டெக்கன் 3 மந்தமாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

எல்லாமே இப்படிச் சுத்தமாகப் பிரிந்துவிடாது என்பதும் உண்மை. 2025 ஏப்ரலில் வந்த ஆப்ளிவியன் ரீமாஸ்டர்டில் 2006ஆம் ஆண்டின் பழைய எஞ்சினே, அதாவது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளே, உள்ளே ஓடுகிறது, மேலே தெரியும் காட்சி முழுக்க அன்ரியல் எஞ்சின் 5. உயிர் பழசு, உடல் புதுசு. நான் இதை மறுவாக்கம் என்பேன். உள்ளே ஓடும் நிரலை வைத்துச் செம்பதிப்பு என்று வாதிடுபவர்களிடமும் நியாயம் இருக்கிறது. இன்னொரு பக்கம் ரெசிடென்ட் ஈவில். 1996இல் மூலம், 2002இல் மறுவாக்கம், 2015இல் உலகெங்கும் எச்.டி. ரீமாஸ்டர். அந்தக் கடைசி வடிவத்தை மறுவாக்கத்தின் செம்பதிப்பு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எதிலிருந்து எது வந்தது என்பது தெளிவாகவே இருக்கிறது.

ஒரு குறை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2023இல் வந்த மெட்ராய்டு பிரைம் ரீமாஸ்டர்ட், நான் பார்த்த செம்பதிப்புகளில் முதல் வரிசையில் வைக்கத் தகுந்தது. 2002ஆம் ஆண்டு கேமை அவ்வளவு மரியாதையோடு தொட்டிருக்கிறார்கள். ஆனால் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் மூலத்தைச் செய்தவர்களின் பெயர்கள் முழுதாக இல்லை. பழைய வடிவங்களின் குழுவுடைய உழைப்பை அடிப்படையாகக் கொண்டது என்று ஒரே வரி. சுவடியைத் தந்த வீட்டுக்காரரின் பெயரைக்கூட முன்னுரையில் எழுதி வைத்த பதிப்பாளர்களின் மொழியிலிருந்து சொல்லை எடுக்கிறோம். நூலைச் செய்தவர்களின் பெயரை விட்டுவிட்ட அந்த ஒரு வரி எனக்கு உறுத்துகிறது.