எல்லோரிடமும் கேட்கும் கேள்வி

1986, பிப்ரவரி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த முதுகலை மாணவி நிர்மலா, சேகரித்த ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். எச்.ஐ.வி. இங்கே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பேராசிரியர் சுனிதி சாலமன் அவருக்குக் கொடுத்த ஆய்வுத் தலைப்பு. அங்கே சிஎம்சி மருத்துவமனை ஆய்வகத்தில் எலிசா என்ற ரத்தச் சோதனை செய்தபோது ஆறு மாதிரிகள், தொற்றுக்கு அடையாளமாக, மஞ்சளாக மாறின. இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. வந்துவிட்டது என்பது ஒரு மாணவியின் ஆய்வில்தான் தெரியவந்தது.

அவர் தேடிப்போனது பாலியல் தொழிலாளர்களை. யாருக்கு இருக்கக்கூடும் என்று ஊகித்து அவர்களை மட்டும் சோதிப்பதுதான் அன்றைய வழக்கம். அந்த ஊகம் எவ்வளவு பேரைத் தவறவிடும் என்பதை அமெரிக்காவின் அவசர சிகிச்சைப் பிரிவுகள் காட்டின. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், என்ன கோளாறென்று வந்தாலும் சரி, அவசரப் பிரிவுக்கு வந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். 1988-ல் வெளியான முடிவின்படி, 100-க்கு ஏறத்தாழ 5 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அவர்களில் பெரும்பாலானோரின் தொற்று அதுவரை யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

2006-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு பரிந்துரை வெளியிட்டது. 13 முதல் 64 வயது வரை மருத்துவமனைக்கு வரும் எல்லோருக்கும் வழக்கமான சோதனைகளோடு எச்.ஐ.வி. சோதனையும் செய்யலாம், வேண்டாம் என்பவரை விட்டுவிடலாம். இதில் அவசரப் பிரிவு முக்கியமானது. குடும்ப டாக்டர் இல்லாதவர், காப்பீடு இல்லாதவர், வேறு எந்த மருத்துவமனை வாசலையும் மிதிக்காதவர் எல்லோரும் வந்து சேரும் இடம் அதுதான்.

இத்தகைய பிரிவுகளில் மாணவர்கள் ஆய்வுப் பயிற்சிக்கு வருகிறார்கள். அங்கே அவர்கள் கற்பதில் பாதி, கேள்வி கேட்கும் விதம்தான். இது சின்ன விஷயமல்ல. வடக்கு கலிபோர்னியாவின் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 4,800 நோயாளிகளிடம் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்த ஆய்வு 2016-ல் வந்தது. “வேண்டுமானால் சொல்லுங்கள், செய்கிறோம்” என்றபோது 38 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். “செய்யலாமா, வேண்டாமா?” என்று நேராகக் கேட்டபோது 51 சதவீதம். “எல்லோருக்கும் செய்கிறோம், வேண்டாமென்றால் சொல்லுங்கள்” என்றபோது 66 சதவீதம். ஊசி அதேதான், ரத்தமும் அதேதான். “எல்லோருக்கும்” என்ற ஒரு சொல், ‘என்னைப் பார்த்தால் அப்படித் தெரிகிறதா?’ என்ற குத்தலை எடுத்துவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வலியில் துடிப்பவர், அரைமயக்கத்தில் இருப்பவர் “ம்” என்பதைச் சம்மதம் என்று எழுதிவிடக் கூடாது. கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, திரையை இழுத்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்க வேண்டும்.

சோதனை எப்படி வேலை செய்கிறது? வைரஸ் உள்ளே வந்ததும் உடல் அதற்கெதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கிறது. அதற்குச் சில வாரம் பிடிக்கும். பழைய சோதனைகள் ஆன்டிபாடியை மட்டும் தேடியதால் அந்த இடைவெளியில் ஏமாந்தன. இப்போதைய நான்காம் தலைமுறைச் சோதனை, வைரஸின் உட்கூட்டில் இருக்கும் பி24 என்ற புரதத்தையும் சேர்த்துத் தேடுகிறது. ஆன்டிபாடிக்கு முன்பே, தொற்றி இரண்டு, மூன்று வாரத்தில் அது ரத்தத்தில் தென்படும். அதே வாரங்களில்தான் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு என்று வரும். ‘சாதாரண வைரஸ் காய்ச்சல்’ என்று நினைத்து அவசரப் பிரிவுக்கு வருவார்கள். ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும் நேரமும், பிறருக்கு எளிதில் பரவும் நேரமும் அதுதான்.

சரி, ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டால் முடிந்ததா? இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 பேரைச் சோதிக்கிறோம், அவர்களில் 10 பேருக்கு உண்மையிலேயே தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொற்றில்லாத 1,000 பேரில் 2 பேருக்குச் சோதனை தப்பாகப் பாசிட்டிவ் காட்டினால், கையில் வருவது கிட்டத்தட்ட 30 பாசிட்டிவ். அதில் 20 பொய். இவ்வளவு துல்லியமான சோதனையிலும் இப்படி வருவதற்குக் காரணம், தொற்றில்லாதவர்களின் எண்ணிக்கை மிகப் பெரிது என்பதே. அதனால்தான் இரண்டாவதாக வேறு வகைச் சோதனை செய்து உறுதிப்படுத்தாமல் யாரிடமும் ‘உங்களுக்கு எச்.ஐ.வி.’ என்று சொல்வதில்லை.

‘நெகட்டிவ்’ வந்தவரையும் அப்படியே அனுப்பிவிடுவதில்லை. நேற்று ஆணுறை கிழிந்தது என்று ஒருவர் சொன்னால், 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் தொற்றைத் தடுக்க முடியும். தொடர்ந்து ஆபத்தில் இருப்பவருக்கு 2012 முதல் தினசரித் தடுப்பு மாத்திரை உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசிக்கு 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பாசிட்டிவ் என்று உறுதியானவர் தினமும் மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அவரிடமிருந்து யாருக்கும் பரவாது.

யாரிடம் கேட்டோம் என்று மாணவர் எழுதிவைக்கும் குறிப்பேட்டில் இன்னொரு பத்தியும் உண்டு: யாரிடம் கேட்கவில்லை என்பது. மாணவர்கள் பகலில் மட்டும் வந்தால் சனிக்கிழமை நள்ளிரவில் வந்தவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அவர்களை விட்டுவிட்டு ‘நோயாளிகளில் இத்தனை சதவீதம்’ என்று எழுதினால் அந்த எண் பகல் நேரத்தின் எண்ணாகத்தான் இருக்கும். நல்ல வழிகாட்டி முதலில் கேட்பது இதைத்தான்.

அப்புறம் தொலைபேசி. ஆய்வக முடிவு வருவதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார். பயிற்சி பெற்ற ஊழியர் அழைக்கிறார், மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார். மறுமுனையில் வேறு குரல். “யாரு? என்ன விஷயம்?” ஊழியர் தன் பெயரை மட்டும் சொல்கிறார். அவர் வந்ததும் இந்த எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். குறிப்பேட்டில் நேரம் பதிவாகிறது. நாளைக் காலை மறுபடியும் அழைக்க வேண்டும்.