பட்டன் டயர் வாங்கும் முன்: உங்கள் வண்டி எந்த மண்ணில் ஓடப்போகிறது?

"அண்ணா, நல்ல ஆஃப்ரோடு டயர் எது இருக்கு?" கோவையில் டயர் கடை வைத்திருக்கும் என்னிடம் இளைஞர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. "எந்த மண்ணுல ஓட்டப் போறீங்க தம்பி?" என்று நான் திருப்பிக் கேட்பேன். வால்பாறை எஸ்டேட் ரோட்டில் தினமும் வேலைக்குப் போகிறவரும் வருகிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண் ரோட்டில் இறங்குகிறவரும் வருகிறார், இமயமலையில் இருக்கும் ஸ்பிட்டிக்குக் கிளம்புகிறவரும் வருகிறார். மூவருக்கும் ஒரே டயரை மாட்டி அனுப்ப எனக்கு மனசு வராது.

டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகளைத்தான் பட்டன் என்கிறோம். அது பெரிதாக இருந்தால் எல்லா இடத்திலும் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். சேற்றுக்கும் மணலுக்கும் என்று செய்யும் டயரில் பட்டன்கள் உயரமாக, விலகி விலகி இருக்கும். மண்ணுக்குள் இறங்கித் தள்ள வேண்டும் என்பதால் அவை வளையாமல் விறைப்பாக நிற்க வேண்டும். இறுகிய செம்மண், பாறை போன்ற கெட்டித் தரையில் பட்டன் உள்ளே இறங்க இடமே இல்லை. அங்கே தரையோடு ஒட்டும் ரப்பர்தான் பிடி கொடுக்கும். அதனால் கெட்டித் தரை டயரில் பட்டன்கள் குட்டையாக, நெருக்கமாக, பெரும்பாலும் மென்மையான ரப்பரில் இருக்கும். இளகிய தரைக்கு விறைப்பான பட்டன், கெட்டித் தரைக்கு மென்மையான ரப்பர். இதைத் தலைகீழாக மாட்டிக்கொண்டால் பாறையில் பட்டன் ஓரங்கள் சதை சதையாகப் பிய்ந்து வரும்.

கரிசல் மண் தனி ரகம். கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் மழைக்குப் பிறகு காட்டுப் பாதையில் இறங்கியவர்களுக்குத் தெரியும். நெருக்கமான பட்டன் டயராக இருந்தால் இடைவெளி முழுக்க மண் அப்பிக்கொண்டு டயர் வழவழவென்று ஆகிவிடும். இடைவெளி அகலமாக இருந்தால்தான் சக்கரம் சுற்றும் வேகத்தில் மண் தானாகத் தெறித்து விழும். முன் மட்கார்டு டயரை ஒட்டித் தாழ்வாக இருக்கிற வண்டி என்றால், எந்த டயர் போட்டாலும் மண் அங்கே அடைத்துச் சக்கரமே பூட்டிக்கொள்ளும். நல்ல மழை பெய்த கரிசலில் மண் காயும்வரை காத்திருக்கத்தான் சொல்வேன்.

மணலில் டயரைவிட ஏர் முக்கியம். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி மணலிலோ ஆற்று மணலிலோ ரோட்டுக்கு அடித்த ஏரோடு போனால் முன் சக்கரம் புதைந்து திரும்பும். 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) பக்கம் இறக்கினால் டயர் படர்ந்து மேலே மிதந்து போகும். அதே ஏரோடு கல் ரோட்டில் ஏறினால் ரிம் டியூபைக் கல்லோடு சேர்த்து நசுக்கும். கழற்றிப் பார்த்தால் டியூபில் அக்கம்பக்கமாக இரண்டு கீறல் இருக்கும், அதைத்தான் பாம்புக்கடி பஞ்சர் என்கிறோம். கல் ரோட்டில் 22 பிஎஸ்ஐக்குக் கீழே போகாதீர்கள். சாமான் கட்டியிருந்தால் அதற்கும் மேலே வையுங்கள்.

ஏர் குறைத்து ஓட்டியவர்கள் வால்வைக் கவனியுங்கள். அது ரிம்மிலிருந்து நேராக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் டயர் ரிம்மில் வழுக்கி, டியூபையும் இழுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் வால்வு அடியோடு பிய்ந்துவிடும், அதைப் பஞ்சர் ஒட்ட முடியாது. வால்வு நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காமல், மூடியோடு சேர்த்து மேலே வைத்தால் இந்தச் சாய்வு சீக்கிரம் கண்ணில் படும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது தார் ரோடுதான். மண்ணில் விழுபவர்கள் பெரும்பாலும் மெதுவாக விழுகிறார்கள். முழுப் பட்டன் டயர் போட்ட வண்டி, மழையில் வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு. வளைவில் சாய்க்கும்போது ஓரப் பட்டன்கள் மடங்கும், பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். எதிரே பஸ் வரும் ரோட்டில் இது விளையாட்டு இல்லை. வாரம் ஆறு நாள் தாரில் ஓடும் வண்டிக்கு தாருக்கும் மண்ணுக்கும் சேர்த்துச் செய்த, நெருக்கமான பட்டன் உள்ள இரட்டை உபயோக டயரே சரி. ஸ்பிட்டி, லடாக் போகிறவர்களுக்கும் அதுவே போதும் என்பது என் கருத்து. இங்கிருந்து வண்டியிலேயே போனால் பாதித் தூரத்துக்கு மேல் தார்தான்.

விளம்பரத்தில் வரும் 50/50, 80/20 என்ற தார்-மண் விகிதக் கணக்கை அளவுகோலாக எடுக்காதீர்கள். அதற்குப் பொதுவான தர நிர்ணயம் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தானே போட்டுக்கொள்வது. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 இரண்டு பைக்குக்கும் முன் டயர் 90/90-21. அகலம் 90 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 21 இன்ச். பின்னால் எக்ஸ்பல்ஸுக்கு 120/80-18, ஹிமாலயனுக்கு 120/90-17, ஒன்று மற்றதில் ஏறாது. பக்கத்திலேயே 54 என்று இருந்தால் 212 கிலோ தாங்கும். அடுத்த எழுத்து 'P' என்றால் 150 கிலோமீட்டர் வேகம், 'Q' என்றால் 160. நீள்வட்டத்துக்குள் 2324 என்று இருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. விலை ரொம்பக் குறைத்துக் கொடுத்தால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள். எம்ஆர்எஃப் மோட்டோ-டி போன்ற மோட்டோகிராஸ் டயர்கள் பந்தயத் தடத்துக்கானவை, அவற்றைப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போக வேண்டாம்.

பின் டயர் சீக்கிரம் தேய்வதால், பின்னால் மட்டும் பட்டன் மாற்றிவிட்டு முன்னால் பழைய ரோடு டயரையே வைத்துக்கொள்கிறார்கள். சேற்றில் பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் கால் ஊன்றுவதற்குள் கீழே கிடப்போம். மண்ணில் ஓட்டத்தான் மாற்றுகிறீர்கள் என்றால், காசு சேர்த்து இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மாட்டும்போது சுழல் அம்புக்குறி சரியா என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள். சில டயர்களில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு அம்பு எதிரெதிராக இருக்கும். செயினுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்றும் பாருங்கள், அதே அளவு எண் உள்ள பட்டன் டயர் கொஞ்சம் புடைத்திருக்கும்.

டியூப்லெஸ்ஸுக்கென்றே செய்யாத ஸ்போக்ஸ் ரிம் வண்டியில், டியூப்லெஸ் என்று எழுதிய டயர் போட்டாலும் உள்ளே டியூப் வேண்டும். தூரம் போகிறவர்கள் 21 இன்ச் டியூப் ஒன்றும் கைப் பம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அந்த டியூபை மடித்துப் பின் சக்கரத்திலும் நுழைத்துவிடலாம். மெதுவாக ஓட்டி, முதல் பஞ்சர் கடையிலேயே சரியான அளவு டியூபை மாற்றிவிடுங்கள்.