கணிதத்தில் சி, விஞ்ஞானத்தில் எஸ்: உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகளுக்கு யார் போகலாம்?

சாதாரண தரப் பெறுபேறு வெளியான மறுநாள் காலை, மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியில் போட்டோப் பிரதி எடுக்கும் கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். வெல்லாவெளிப் பக்கமிருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், மகனின் பெறுபேற்றைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்திருந்தார். நான் கணிதம் கற்பிப்பவன் என்று கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும்.

“ஒன்பது பாடத்தில் எட்டுப் பாடம் சித்தி, சேர். கணிதத்தில் பி. தமிழில் ஏ. ஆனால் கணிதப் பிரிவுக்கு எடுக்க மாட்டார்களாம். கணிதத்தில் பி எடுத்த பிள்ளைக்குக் கணிதப் பிரிவு இல்லை என்றால் பிறகு யாருக்கு?”

தாளை வாங்கிப் பார்த்தேன். ஆறாவது வரியில் இருந்தது விடை: விஞ்ஞானம், டபிள்யூ, அதாவது சித்தியில்லை. மகனும் பார்த்திருப்பான், தகப்பனும் பார்த்திருப்பார். அந்த ஒரு எழுத்துத்தான் தடை என்பதை இருவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. தரம் 11 முழுவதும் மாலை வகுப்பு என்றால் கணிதம் மட்டும்தான். ‘கணிதப் பிரிவுக்குப் போகிற பிள்ளைக்கு விஞ்ஞானம் எதற்கு’ என்ற எண்ணம் எங்கள் ஊர்களில் இன்னும் பலமாக இருக்கிறது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மட்டுமல்ல, கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இதைக் கேட்டிருக்கிறேன்.

ஆகவே விதியை முதலிலிருந்து சொல்கிறேன்.

தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் ஒரு பிள்ளை ஒன்பது பாடங்களுக்குத் தோற்றுகிறது. சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் பொது. மீதி மூன்று தொகுதிப் பாடங்கள். புள்ளி 75இலிருந்து ஏ, 65இலிருந்து பி, 50இலிருந்து சி, 35இலிருந்து எஸ். 35க்குக் கீழே டபிள்யூ, அதாவது சித்தியில்லை. சி என்பதைத் திறமைச் சித்தி என்றும் எஸ் என்பதைச் சாதாரண சித்தி என்றும் சொல்கிறோம். கல்வி அமைச்சின் சுற்றுநிருபத்தில் ‘மூன்று திறமைச் சித்திகள்’ என்று இருந்தால் மூன்று பாடங்களில் சி அல்லது அதற்கு மேல் என்று படிக்க வேண்டும். ஏயும் பியும் அதற்குள் அடக்கம். ‘என் மகளுக்கு சி ஒன்றுதான் இருக்கிறது, மற்றதெல்லாம் ஏ, பி’ என்று கவலைப்பட்டு வந்த தாயையும் நான் கண்டிருக்கிறேன்.

உயர்தர வகுப்பில் சேரப் பொதுத் தகுதி இது: தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றில் குறைந்தது மூன்று திறமைச் சித்தி. இவற்றை இரண்டு தடவைகளுக்கு மேற்படாமல் பெற்றிருக்க வேண்டும். இது வெளிவாசல்தான். உள்ளே ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கதவு இருக்கிறது.

கணிதப் பிரிவுக்குக் கணிதத்தில் குறைந்தது சி, விஞ்ஞானத்தில் குறைந்தது எஸ் வேண்டும். உயிரியல் பிரிவுக்கு (விஞ்ஞானப் பிரிவு என்பதும் இதைத்தான்) இது தலைகீழ்: விஞ்ஞானத்தில் குறைந்தது சி, கணிதத்தில் குறைந்தது எஸ். இரு பக்கமும் இரண்டு பாடங்களும் பார்க்கப்படுகின்றன. ஒன்றில் நூறு எடுத்தாலும் மற்றதில் டபிள்யூ என்றால் அந்தக் கதவு திறக்காது.

கணிதத்தில் ஏ, விஞ்ஞானத்தில் எஸ், ஆங்கிலத்தில் டபிள்யூ எடுத்த பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பொதுத் தகுதி இருந்தால் இவள் கணிதப் பிரிவுக்குத் தாராளமாகப் போகலாம், உயிரியலுக்கு முடியாது. ஆங்கிலத்தில் டபிள்யூ இங்கே தடையில்லை. (வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பீடத்திலோ விஞ்ஞானப் பட்டப்படிப்புக்குப் போய் இருக்கும் நாளில் விரிவுரை ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்பது வேறு கதை. அப்போது அந்த டபிள்யூ வந்து முன்னால் நிற்கும்.) விஞ்ஞானத்தில் பி, கணிதத்தில் எஸ் எடுத்தவன் உயிரியலுக்குப் போகலாம், கணிதப் பிரிவுக்கு முடியாது. எங்கள் மோட்டார் சைக்கிள்காரரின் மகனுக்குக் கணிதத்தில் பி இருந்தும் விஞ்ஞானத்தில் டபிள்யூ, ஆகவே இரண்டு கதவும் அடைப்பு.

இந்த விதி ஏன் என்று கேட்பவர்களுக்குப் பாடவிதானத்தைக் காட்டினால் போதும். கணிதப் பிரிவின் வழக்கமான மூன்று பாடங்கள் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். மூன்றில் இரண்டு, பிள்ளை தரம் 11 வரை ‘விஞ்ஞானம்’ என்ற ஒரே பெயரில் படித்தவை. உயிரியல் பிரிவிலோ பௌதிகவியலுக்குள் நுழைந்த முதல் வாரமே திரிகோண கணிதம் தலைகாட்டும். இரசாயனவியலில் மூல் கணக்கும் மடக்கையும் வரும். எஸ் என்பது அதற்குக் கேட்கப்படும் ஆகக் குறைந்த பிடிமானம்.

புள்ளிக் கணக்கையும் ஒருமுறை கிட்ட நின்று பார்ப்போம். சாதாரண தரக் கணிதத்தில் இரண்டு வினாத்தாள்கள். முதலாவது இரண்டு மணித்தியாலம்: இரண்டு புள்ளி வீதம் 25 சிறுவினாக்கள், பத்துப் புள்ளி வீதம் ஐந்து வினாக்கள். இரண்டாவது மூன்று மணித்தியாலம்: ஏ, பி என இரு பகுதிகளிலிருந்தும் ஐந்தைந்தாகப் பத்து வினாக்கள். ஒவ்வொரு தாளும் நூறு, சராசரிதான் இறுதிப் புள்ளி. முதல் தாளில் 62, இரண்டாம் தாளில் 38 எடுத்த பிள்ளைக்குச் சராசரி சரியாக 50. பெறுபேற்றில் சி என்று வரும். கணிதப் பிரிவு திறக்கும்.

ஆனால் அந்த 38க்குள் என்ன இருக்கிறது என்பதைப் பெறுபேற்றுத் தாள் சொல்லாது. பெரும்பாலும் சதவீதம், வட்டி, வரைபு, தொடைகள் என்று பழகிய வினாக்களைச் செய்துவிட்டு, அட்சரகணிதப் பின்னத்தையும் எழுவாய் மாற்றத்தையும் கேத்திர கணித நிறுவலையும் பிள்ளை தொடாமல் விட்டிருக்கும். சாதாரண தரத்தில் அப்படி விட்டுவிட்டும் சி எடுக்கலாம். இணைந்த கணிதத்திலோ முதல் மாதமே காரணிப்படுத்தலும் இருபடிச் சமன்பாடும்தான், விட்டதெல்லாம் வரிசையாக வந்து கடனைக் கேட்கும். சி எடுத்த பிள்ளை போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சி எடுத்து வந்து பொறியியல் பீடம் போன பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கும் மாதங்களில் இரண்டாம் வினாத்தாளின் விட்ட பக்கங்களை எடுத்து வைத்து இருந்து படியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்த இடைவெளியும் இப்போது நிச்சயமில்லை. 2024 மே மாதம் நடந்த சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு பெறுபேற்றுக்குக் காத்திராமல் ஜூனிலேயே உயர்தர வகுப்புகள் தொடங்கிவிட்டன. பெறுபேறு செப்டெம்பர் கடைசியில்தான் வந்தது. விருப்பத்தின் பேரில் கணிதப் பிரிவில் மூன்று மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிலர், பெறுபேறு வந்ததும் எழுந்து வேறு வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது. அப்படித் தொடங்கும் வகுப்பில் இடம் கிடைத்ததை அனுமதி கிடைத்ததாக நினைத்துவிடக் கூடாது.

இனி, அதிகம் குழப்பம் உண்டாக்கும் விடயத்துக்கு வருகிறேன். மேலே சொன்னவை அமைச்சு வகுத்த ஆகக் குறைந்த தகுதிகள். பெயர்பெற்ற பாடசாலைகளில் இடம் குறைவு, விண்ணப்பம் கூடுதல். ஆகவே பெறுபேற்றின் தரத்தை வைத்து வரிசைப்படுத்தி மேலிருந்து எடுக்கிறார்கள். வெளிப் பாடசாலையிலிருந்து வரும் பிள்ளைக்கு அங்கே சியும் எஸ்ஸும் போதாமல் போகலாம். அதில் முறைகேடு என்று சொல்ல ஒன்றுமில்லை, போட்டி அப்படி. தவறு எங்கே நடக்கிறது என்றால், ‘எங்கள் பாடசாலையில் உங்கள் பிள்ளைக்கு இடமில்லை’ என்று சொல்ல வேண்டியவர்கள் ‘உங்கள் பிள்ளைக்குக் கணிதப் பிரிவு செய்யத் தகுதியில்லை’ என்று சொல்லிவிடுவதில்தான். முதலாவது வாக்கியத்தைக் கேட்ட பெற்றோர் அடுத்த பாடசாலைக்குப் போவார்கள். இரண்டாவதைக் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் அக்காவின் மகளுக்கு இதுவே நடந்தது. கணிதத்தில் சி, விஞ்ஞானத்தில் சி. பாடசாலையொன்றின் வாசலில் வைத்துத் ‘தகுதியில்லை’ என்றார்கள். ஒரு தவணை முழுவதும் வர்த்தகப் பிரிவில் இருந்தாள். பிறகு வலயக் கல்வி அலுவலகத்தில் ஒரு நல்ல உத்தியோகத்தர் விதியை எடுத்துக் காட்டி வேறு பாடசாலைக்கு வழி சொன்னார். இன்று அவள் உயிரியல் படிக்கிறாள்.

எந்தப் பாடசாலை என்பதும் எங்கள் பக்கத்தில் சின்ன விடயமில்லை. பெயர்ப் பலகையில் ‘மகா வித்தியாலயம்’ என்று இருப்பதால் அங்கே உயர்தர விஞ்ஞானம் இருக்கிறது என்று எண்ணக்கூடாது. 1ஏபி வகைப் பாடசாலைகளில்தான் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் உண்டு. 1சி என்றால் உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும். இரண்டாம் வகை என்றால் பெரும்பாலும் தரம் 11 வரைதான். மட்டக்களப்பு மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களில் வாவியின் கிழக்கே எழுவான்கரையோரம் இருப்பவர்களுக்கு 1ஏபி பாடசாலை பஸ் ஓடும் பெருந்தெருவில் இருக்கும். மட்டக்களப்பு மேற்கிலும், பட்டிருப்பு வலயத்தின் வாவிக்கு அப்பாலும் இருப்பவர்களுக்கு அப்படியில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைகள் படகுப் பாதையை நம்பி இருந்தார்கள். பாலம் வந்துவிட்டது. ஆனாலும் காலை ஐந்தரைக்குப் பஸ்ஸுக்கு நின்று மாலை ஆறுக்கு வீடு திரும்பும் பெண்பிள்ளையைப் பற்றி வீட்டில் எடுக்கும் முடிவு சி, எஸ் கணக்கில் மட்டும் நிற்பதில்லை. அம்பாறையில் திருக்கோவில் வலயத்திலும் இதே சங்கடம் வேறு வடிவில் இருக்கிறது. தரம் 11இலேயே வலய அலுவலகத்தில் கேட்டு, அருகிலுள்ள 1ஏபி எது, அங்கே பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று இரண்டையும் அறிந்து வையுங்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

டபிள்யூ வந்துவிட்டால் என்ன? முதலில், நம்பமுடியாத முடிவு என்றால் பரீட்சைத் திணைக்களத்துக்கு மீளாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். பெறுபேற்றோடு இறுதித் திகதியும் அறிவிக்கப்படும், அது மிக விரைவில் கடந்துவிடும். அடுத்தது, அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் அடுத்த முறை தோற்றலாம். ஒன்பதையும் திரும்ப எழுதத் தேவையில்லை. பொதுத் தகுதிக்கு இரண்டு தடவையின் பெறுபேறுகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

களுவாஞ்சிக்குடியில் இதைச் சொன்னபோது அந்தத் தகப்பன், “அப்படியென்றால் இவன் விஞ்ஞானத்தில் முப்பத்தைந்து எடுத்தால் போதுமா?” என்று இரண்டு தரம் கேட்டார். போதும் என்றேன். “முப்பத்தைந்துதானா?” என்று மூன்றாம் தரமும் கேட்டார். கோபமா நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை.

ஓர் ஆண்டு போகக்கூடாது என்று நினைப்பவர்களுக்கு வேறு வாசல்களும் உள்ளன. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. பொறியியல் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியலோடு, தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம் கட்டாயம். ஆகவே விஞ்ஞானத்திலிருந்து தப்பி ஓடும் வழியாக இதைப் பார்க்க வேண்டாம். சாதாரண தரத்தில் தகுதி பெறாதவர்களுக்கும் 13 ஆண்டுக் கல்வியை உறுதிப்படுத்தும் திட்டத்தின் கீழ், 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய தொழிற்றுறைப் பாடங்கள் இருக்கின்றன.

சேர்ந்த பிறகு பாடத் தெரிவிலும் ஒரு கண் வேண்டும். உயிரியல் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கலாம். இலகு என்று பலர் எடுக்கிறார்கள். ஆனால் மருத்துவ பீடத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். கணிதப் பிரிவில் இரசாயனவியலை விட்டுத் தகவல் தொழினுட்பம் எடுத்தால் பொறியியல் பீடம் கைவிட்டுப் போகும். இதை உயர்தரம் எழுதிய பிறகு கண்டுபிடிப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

கடைசியாக, மாவட்ட எல்லையோர ஊர்க்காரர்களுக்கு ஒரு சொல். பல்கலைக்கழக அனுமதியில் கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான கற்கை நெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என இடங்கள் பிரிக்கப்படுகின்றன. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் மட்டக்களப்பும் இருக்கிறது, அம்பாறையும் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் வெட்டுப்புள்ளி வேறு வேறு. கோட்டைக்கல்லாற்றுப் பிள்ளை கல்முனைக்குப் போய்ப் படித்தால் பெரியநீலாவணையில் மாவட்ட எல்லையைத் தாண்டுகிறது. எந்த மாவட்டக் கணக்கில் அந்தப் பிள்ளை சேரும் என்பதற்குப் படித்த பாடசாலையும் வதிவிடமும் பார்க்கப்படும். விடுகைப் பத்திரத்தை வாங்குவதற்கு முன்பே, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலில் அந்தப் பகுதியை வாசித்துவிடுங்கள்.