குறொஸ்ஓவர்: தாவலா, கலவையா, கடவையா?

இலங்கையில் ஆங்கிலப் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு ‘குறொஸ்ஓவர்’ என்றதும் நாடாளுமன்றம்தான் நினைவுக்கு வரும். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து போய் ஆளுங்கட்சிப் பக்கம் உட்காருவது. அதை நம்முடைய பத்திரிகைகள் ‘கட்சி தாவல்’ என்று எழுதிவிடும்; பொருத்தமான சொல்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் ரியூசன் விட்டு வருகிற பெடியளின் வாயில் அதே சொல் வேறு பொருளில் புழங்குகிறது. ஒரு நிறுவனத்தின் கொமிக்ஸ் உலகத்தில் வாழ்கிற நாயகன், போட்டி நிறுவனத்தின் உலகத்து ஆட்களைச் சந்தித்து அவர்களோடு மோதுவதும் கூட்டுச் சேர்வதுமான கதை. இதற்கு நல்ல தமிழ் என்ன?

சொல்லின் முதற்பாதி, சிலுவையைக் குறிக்கும் லத்தீன் ‘க்ரூக்ஸ்’ வழி வந்தது. சிலுவையில் ஒரு மரம் மற்றதற்குக் குறுக்கே நிற்பதால், பிறகு குறுக்கே போவதெல்லாம் ‘குறொஸ்’ ஆயிற்று. ரயில்வேக்காரர்களுக்கு அது பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளங்களில் ஒன்றிலிருந்து மற்றதற்கு வண்டியை மாற்றும் இணைப்பு. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு, ஒடுக்கற்பிரிவின்போது நிறமூர்த்தங்கள் தங்கள் துண்டுகளைக் கைமாற்றிக்கொள்வது. கார் விற்பவர்களும் இந்தச் சொல்லை விட்டுவைக்கவில்லை.

கதைக்கு வருவோம். மார்வெலும் டிசியும் அமெரிக்காவின் இரண்டு பெரிய கொமிக்ஸ் நிறுவனங்கள். ஸ்பைடர்மேன் முன்னவரின் சொத்து, சூப்பர்மேன் பின்னவரின் சொத்து. சொத்து என்று சும்மா சொல்லவில்லை, சட்டப்படியே அப்படித்தான். இரண்டு வளவுக்கும் நடுவே வேலி போட்டமாதிரி. 1976இல் இரு நிறுவனமும் ஒத்துப்போய் இந்த இருவரையும் ஒரே கதையில் சந்திக்க வைத்தன. எப்படிச் சந்தித்தார்கள் என்று மாயக்கதவு, வேற்றுப் பரிமாணம் என்றெல்லாம் விளக்கமே இல்லை. இருவரும் முதலிலிருந்தே ஒரே உலகத்தில் இருந்ததுபோலவே கதை ஓடும். 1982இல் மார்வெலின் எக்ஸ்-மென் குழுவும் டிசியின் பதின்ம வயது நாயகர்களான ரீன் டைட்டன்ஸ் குழுவும் சேர்ந்தன. பதின்ம வயதினருக்கு இந்த விளையாட்டில் சரியான இடம் கிடைத்தது அப்போதுதான் என்பேன்.

1996இல் வந்த மார்வெல்–டிசி மோதலில் ஐந்து சண்டைகளின் முடிவை வாசகர் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஸ்பைடர்மேனும் டிசியின் சூப்பர்பாயும் மோதியது அவற்றில் ஒன்று. வாக்கு ஸ்பைடர்மேன் பக்கம் விழுந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது, டிசியின் பேட்மேனுடைய சிஷ்யன் ரொபினும் எக்ஸ்-மென் பெண்பிள்ளை ஜூபிலியும் சண்டைக்கென்று வந்த இடத்தில் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கியது. வளர்ந்த வீரர்கள் சந்தித்தால் ‘யாருக்குப் பலம் கூட’ என்ற ஒரே கேள்விதான். பதினைந்து பதினாறு வயதுக்காரர் சந்தித்தால் வீட்டில் என்ன பொய் சொல்லிவிட்டு வந்தார்கள், நாளைக்குச் சோதனை இருக்கிறதா என்பதெல்லாம் கதைக்குள் வந்துவிடும். அதனால்தான் இரசிகர்களின் கற்பனையும் அவர்களையே சுற்றுகிறது.

என் மருமகனின் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் அப்படி ஒரு கதை கிடக்கிறது. மார்வெலின் மைல்ஸ் மொராலெஸ் புரூக்ளின் பெடியன், 2011இல் அறிமுகமான இன்னொரு ஸ்பைடர்மேன். தொட்டு மின்னதிர்ச்சி கொடுப்பான். 1993இல் மைல்ஸ்டோன் வெளியிட்டு டிசி விநியோகித்த ஸ்டாற்றிக், அதாவது வேர்ஜில் ஹோக்கின்ஸ், அவனுக்கும் மின்சாரம்தான் ஆயுதம். இரண்டு பேரையும் கரண்ட் இல்லாத ஊர் ஒன்றில் இறக்கியிருக்கிறான். எந்த ஊர் என்று கேட்டேன்.

“யாழ்ப்பாணம்தான் மாமா. தொண்ணூறுகளில. இவையள் வந்திருந்தா உங்களுக்கு ஜாம் போத்தல் விளக்கே தேவைப்பட்டிருக்காது.”

அடுத்த பக்கத்தில் ஜாம் போத்தலை அடியில் பஞ்சு, கொஞ்ச மண்ணெண்ணெய், திரி எல்லாம் வைத்துச் சரியாகவே கீறியிருந்தான். அம்மாவிடம் கேட்டிருப்பான்.

இதொன்றும் புதுப் பழக்கமில்லை. சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. அவர் பிரித்தானியச் சரக்கு, முகமூடி வீரர் வேதாளர் அமெரிக்கச் சரக்கு. இரண்டு பேரும் தமிழில் பேசியதால் நம்மவர்களுக்கு வேலி தெரியவில்லை. யார் வெல்லுவார் என்று திண்ணையில் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள்.

சரி, தமிழ்ச் சொல். ‘குறுக்கீடு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது இடையூறு; வானொலியில் இரைச்சல் வருவதற்குத்தான் பொருந்தும். ‘தாவல்’ ஆகாது, ஏனென்றால் தாவியவர் அங்கேயே தங்கிவிடுகிறார், அமைச்சராகவும் ஆகிறார். ரொபினோ கதை முடிந்ததும் தன் ஊருக்குத் திரும்புகிறான். ‘கலவை’ வேறொன்றுக்கு வேண்டும்: அதே 1996இல் இரு நிறுவனமும் ‘அமல்கம்’ என்ற பெயரில் நாயகர்களை உருக்கி ஒன்றாக்கின. ஸ்பைடர்மேனையும் சூப்பர்பாயையும் சேர்த்து ஸ்பைடர்பாய் என்று ஒருவனைச் செய்தார்கள். அமல்கம் என்றாலே இரசம் சேர்ந்த உலோகக் கலவை, ஆகவே அதற்குக் கலவை சரி.

இலக்கணம் படித்தவர்கள் ‘மயக்கம்’ என்பார்கள், அதாவது ஒன்றோடொன்று கலத்தல். ஆசை வரத்தான் செய்கிறது. ‘திணைமயக்குறுதலும் கடிநிலை இலவே’ என்று திணைகள் கலப்பதற்குத் தொல்காப்பியர் அனுமதி கொடுத்துவிட்டு, நிலங்கள் மட்டும் ஒன்றோடொன்று மயங்குவதில்லை என்று அடுத்த அடியிலேயே கோடு கிழிக்கிறார். ஆட்கள் கலக்கலாம், உலகங்கள் கலக்கக்கூடாது என்ற கொமிக்ஸ் ஆசிரியர்களின் கவலையும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் இன்று ‘சூப்பர்மேன் மயக்கம்’ என்று எழுதினால் தண்ணீர் தெளிக்க ஆள் தேடுவார்கள்.

என் தெரிவு ‘கடவை’. கட என்ற வினையிலிருந்து பிறந்தது. கடவுச்சீட்டின் ‘கடவு’ம் அந்த வேர்தான். புகையிரதக் கடவை, பாதசாரிக் கடவை என்று நாம் நாளாந்தம் சொல்கிறோம். கடவையில் ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகலாம், திரும்பியும் வரலாம். பாதையும் தண்டவாளமும் தத்தம் இடத்திலேயே இருக்கும். தமிழ்நாட்டு வாசகருக்குத் தனியே நின்றால் கொஞ்சம் புதிதாகப் படும் என்பதால் ‘கதைக்கடவை’ என்று சேர்த்து எழுதலாம். ‘மார்வெல்–டிசி கதைக்கடவை’, ‘கடவை இதழ்’, ‘கடவை நாயகர்கள்’ என்று நீட்டவும் வளைந்து கொடுக்கிறது. ஒரே நிறுவனத்தின் நாயகர்கள் தங்களுக்குள் சேர்ந்தால் அதற்கு இந்தச் சொல்லைச் செலவழிக்க வேண்டாம், ‘கூட்டணி’ போதும். மருமகனின் கொப்பியில் இருப்பது இரசிகர் எழுதிய கதைக்கடவை; யாழ்ப்பாணத்தையும் இழுத்து விட்டிருப்பதால் மும்முனைக் கடவை என்றும் சொல்லலாம்.